முக்கால் படியில் எத்தனை ஆழாக்கு?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் நோட்டை மூடி வைத்துவிட்டு, "எனக்குக் கணக்கு வராதுப்பா" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன. நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். 3/4 ÷ 1/8.

"இதற்கா அழுகை? இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு" என்றேன்.

"அதைத்தான் ஸ்கூல்லயும் சொன்னாங்க. விடை 6 வருது. வகுத்தா குறையத்தானே வேணும்? முக்கால் எப்படிப்பா ஆறாகும்? எதுக்காகத் திருப்பணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் வயதில் நானும் காரணம் கேட்காமல் திருப்பிப் பெருக்கிப் பாஸ் செய்தவன்தான்.

ஊரிலிருந்து டில்லிக்கு வந்திருந்த என் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: "ஏண்டி கண்ணு, முக்கால் படியில எத்தனை ஆழாக்கு?" அவரே பதிலும் சொன்னார்: "படிக்கு எட்டு ஆழாக்கு. முக்கால் படிக்கு ஆறு."

அதே கணக்கு! ஆழாக்கு என்பது படியில் அரைக்கால், அதாவது 1/8. வகுத்தல் என்றால் பங்கு போடுவது மட்டுமல்ல. 'இதற்குள் அது எத்தனை முறை அடங்கும்?' என்று கேட்பதும் வகுத்தல்தான். அளக்கும் பாத்திரம் சிறியதானால் அதிகத் தடவை அளக்க வேண்டும். அதனால்தான் விடை பெரிதாகிறது.

திருப்புவதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்பதால், 1/8-ஆல் வகுப்பதும் 8-ஆல் பெருக்குவதும் ஒன்றே. ஒவ்வொரு முறையும் மூன்று ஆழாக்காக, அதாவது 3/8 படியாக, அளந்தால்? எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆக, 8-ஆல் பெருக்கி 3-ஆல் வகுக்கிறோம். 3/8 என்பது 8/3 ஆனது இப்படித்தான்.

நம் மொழியும் இதற்குக் கைகொடுக்கிறது. முக்கால் என்றாலே மூன்று கால். அரைக்கால் என்றால் காலில் பாதி. மூன்று காலில் எத்தனை அரைக்கால் என்று கேட்டால், ஆறு என்று குழந்தையே சொல்லிவிடும். இங்கே காய்கறிக்காரர் 'தீன் பாவ்', 'ஆதா பாவ்' என்பதும் இதே முக்காலும் அரைக்காலும்தான்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். இரண்டரை கிலோ மாவை முக்கால் கிலோ டப்பாக்களில் நிரப்புகிறோம். பத்துக் காலில் மூன்று மூன்று காலாக எடுத்தால் மூன்று டப்பா நிரம்பி, கால் கிலோ மிஞ்சும். உடனே விடை மூன்றேகால் என்று பல குழந்தைகள் எழுதிவிடுகிறார்கள். மிஞ்சியது கால் கிலோதான். ஆனால் டப்பாக் கணக்கில் அது மூன்றில் ஒரு பங்கு. சரியான விடை 3 1/3.

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது வகுக்கும் பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் இடம் மாற்ற வேண்டும் என்ற விதியை, பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டில் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்திலேயே காணலாம். விதி பழையது, சரியானது. ஆனால் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதி பரீட்சை அறையில் காலை வாரிவிடும். எந்தப் பின்னத்தைத் திருப்புவது என்றே சந்தேகம் வந்துவிடும்.

அன்றிரவு மகள் சமையலறையில் டம்ளரும் தண்ணீருமாக உட்கார்ந்து, பாட்டிக்கே கணக்குப் போட்டுக் கொண்டிருந்தாள். 'வராது' என்ற பேச்சு அதன் பிறகு எழவில்லை.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நாம் படியையும் ஆழாக்கையும் அங்கேயே விட்டுவிட்டோம். பாதகமில்லை, டம்ளர் போதும். ஆனால் கால், அரைக்கால், முக்கால் என்ற சொற்களையாவது வீட்டில் புழங்க விடுவோம். ட்யூஷனுக்கு அனுப்புவதற்கு முன், குழந்தையை ஒரு முறை சமையலறைக்கு அழைத்துச் சென்று பாருங்களேன்!