ஈன்ற ஆடும் இளங்குட்டியும்

அம்பத்தூர் என்றால் தொழிற்பேட்டை, ஆவடி என்றால் டாங்கித் தொழிற்சாலை என்றே வெளியூரார் எண்ணுவர். இவ்வூர்களில் வாழும் நமக்கோ இன்னொரு காட்சியும் தெரியும். ஏரிக்கரைகளிலும், இரயில் பாதையோரங்களிலும், வீடு கட்டாத காலி மனைகளிலும் ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் அவை தாமாகவே தத்தம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். அவற்றை வளர்ப்பவர்களில் பலர் பெண்கள். பிள்ளையின் படிப்புச் செலவோ, திடீர் மருத்துவச் செலவோ வரும்போது கை கொடுப்பது அந்த ஆடுதான். ஆட்டை ஏழையின் பசு என்று பெரியோர் சொன்னது இதனால்தான்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைத்தது. ஆனால் ஆடு கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அது ஈனும் குட்டி பிழைத்தால்தான் பலன். குட்டியின் உயிர் பெரும்பாலும் பிறந்த முதல் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆதலால் ஈனும் வேளையிலும் அதன் பின்னரும் செய்ய வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள், அதாவது ஐந்து மாதம். வயிற்றிலுள்ள குட்டி வேகமாக வளர்வது கடைசி ஆறு, ஏழு வாரங்களில்தான். அக்காலத்தில் பசுந்தழையுடன் சிறிது புண்ணாக்கும் தவிடும் கலந்து கொடுக்க வேண்டும். அகத்தி, முருங்கை, வேர்க்கடலைக் கொடி ஆகியவை நல்ல தீனி. நம் பகுதியில் ஓர் ஆபத்து உண்டு. கல்யாண மண்டபங்களில் மிஞ்சிய சோற்றைக் குப்பைத் தொட்டியருகே கொட்டிவிடுகிறார்கள். ஆடு அதை வயிறு முட்டத் தின்றால் இரைப்பையில் அமிலம் பெருகி, வயிறு உப்பி, தாயும் வயிற்றுக் குட்டியும் சேர்ந்தே மடிய நேரிடும். நிறைசினை ஆட்டைத் தெருவில் அலைய விடாமல் வீட்டருகே கட்டுவதே நலம். ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு துள்ளுமாரி நோய்த் தடுப்பூசி போட்டால், அதன் பயன் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் கிட்டும்.

ஈனும் நாள் நெருங்கும்போது மடி பெருத்து, வாலின் இருபுறமும் குழி விழும். ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும். முன்னங்காலால் தரையைப் பறிக்கும். படுக்கும், எழும், கத்தும். அப்போது காற்றும் ஈரமும் படாத இடத்தில் காய்ந்த வைக்கோலைப் பரப்பி விட வேண்டும். கூட்டம் கூடி நின்று வேடிக்கை பார்க்கலாகாது. முதலில் பனிக்குடம் தெரியும். பிறகு இரு முன்னங்குளம்புகளும், அவற்றின்மேல் வைத்தாற்போல மூக்கும் வெளிவரும். அப்படி வந்தால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பொறுமையாக இருப்பதே உதவி. ஒரு கால் மட்டும் தெரிந்தாலோ, ஆடு பலமாக முக்கியும் அரைமணி நேரத்துக்கு மேல் குட்டி வராவிட்டாலோ கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தெரியாதவர் பிடித்து இழுத்தால் கருப்பை கிழிந்துவிடலாம். தமிழ்நாட்டில் 1962 என்ற தொலைபேசி எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கோரலாம்.

குட்டி வெளிவந்ததும் அதன் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைச் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். மூச்சு விடாவிட்டால் வைக்கோல் நுனியால் மூக்கைக் கூசச் செய்தால் தும்மி மூச்சு வாங்கும். உடலை வைக்கோலால் தேய்த்துவிடுவதும் நல்லது. பின்னர் குட்டியைத் தாயின் முன் வைத்தால் அது நக்கித் துவட்டும். அந்த வாசனையைக் கொண்டே தாய் தன் குட்டியை அடையாளம் காண்கிறது. தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து இரண்டு, மூன்று விரற்கடை தள்ளிச் சுத்தமான நூலால் கட்டி, புதிய பிளேடால் அறுத்து, டிஞ்சர் அயோடின் தடவ வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கிருமி உட்புகுந்து மூட்டுகள் வீங்கும். ரண ஜன்னியும் வரக்கூடும்.

அடுத்ததுதான் மிக முக்கியமானது. "நஞ்சு விழட்டும், அதற்குமுன் குட்டிக்குப் பால் விடக்கூடாது" என்று எங்கள் தெருவில் பல ஆயாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அடுத்த வீட்டு ஆட்டின் குட்டி ஒன்று மார்கழி மாதத்து இரவில் பிறந்தது. நஞ்சு விழ விடியற்காலை ஆயிற்று. அதுவரை பால் இல்லாமல் குளிரில் கிடந்த அக்குட்டி காலையில் எழுந்திருக்கவேயில்லை. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அந்த ஆயா அன்பில் குறைந்தவர் அல்லர். அவருக்குச் சொல்லப்பட்ட வழக்கம்தான் தவறு. அது ஏன் தவறு என்பதை அறிவியல் தெளிவாகக் கூறுகிறது.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருப்பையில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடுகின்றன. ஆட்டுக்குட்டிக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. அது எதிர்ப்புச் சக்தி ஏதுமின்றியே பிறக்கிறது. அச்சக்தி முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. குட்டியின் குடல் அதை உறிஞ்சிக்கொள்வது முதல் 24 மணி நேரம் மட்டுமே. அதிலும் மணிக்கு மணி அத்திறன் குறைந்துகொண்டே வரும். எனவே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் வயிற்றில் இறங்க வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் சுமார் 200 மில்லி வேண்டும். அதைப் பலமுறையாகப் பிரித்துக் கொடுக்கலாம். காம்பின் அடைப்பு நீங்க முதலில் இரண்டு பீர் கறந்து விட்டால் குட்டி எளிதாகக் குடிக்கும்.

நஞ்சு விழுவதற்கும் இதுவே மருந்து! குட்டி காம்பைச் சப்பும்போது தாயின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்ஸிடாசின் சுரக்கிறது என்று பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். அந்த ஆக்ஸிடாசின்தான் பாலை இறங்கச் செய்கிறது. கருப்பையைச் சுருங்கச் செய்து நஞ்சை வெளியே தள்ளவும் உதவுகிறது. நஞ்சு விழக் காத்திருந்து பால் கொடுப்பதற்கு மாறாக, பால் கொடுத்து நஞ்சை விழச் செய்வதே முறை. இதை எங்கள் ஆயாவிடம் சொன்னபோது, "அப்படியா சங்கதி!" என்று வியந்தார். அடுத்த ஈற்றில் அவரே முதலில் குட்டியைத் தூக்கிக் காம்பில் விட்டார்.

நஞ்சு சில மணி நேரத்தில் தானாக விழும். 12 மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதைப் பிடித்து இழுப்பதும், கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் கூடாது. விழுந்த நஞ்சை நாய் இழுக்காதபடி ஆழப் புதைக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் ஈனும் ஆட்டின் அருகே செல்லாதிருப்பது நல்லது. ஆட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் சில நோய்கள் கருவைச் சிதைக்கக்கூடியவை. உதவி செய்பவர் கையுறை அணிந்து, பின்பு சோப்பினால் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும். ஆட்டுப்பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும்.

ஈன்ற ஆட்டுக்கு வெதுவெதுப்பான நீரில் வெல்லம் கரைத்துக் கொடுத்தால் களைப்புத் தீரும். மடி சூடாகவோ கல்போலவோ இருந்தால் அது மடிநோய். உடனே மருத்துவம் வேண்டும். மழைக்காலத்தில் குட்டிகளைத் தரையில் விடாமல் பரண் அமைத்து அதன்மேல் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் தெருக்களில் நின்ற நீரை நாம் மறக்கவில்லை. ஒரு மாதம் ஆனபின் மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். குட்டி சற்று வளர்ந்ததும் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட வேண்டும். இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987-இல் நம் தமிழகத்து அரசூர் என்ற ஊரில் கண்டறியப்பட்டது. அங்குக் கிடைத்த கிருமியைக் கொண்டே நம் மாநிலத்தில் தடுப்பூசியும் உருவாக்கினர் என்பது நமக்குப் பெருமை.

விவிலியத்தின் தொடக்க நூலில், தன்னோடு வருமாறு ஏசா அழைத்தபோது யாக்கோபு மறுத்துவிடுகிறார். பால் கொடுக்கும் ஆடுமாடுகள் தம்மிடம் இருப்பதால், ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் அவை இறந்துவிடும் என்கிறார். மந்தையின் நடைக்கேற்பத் தம் நடையைக் குறைத்துக்கொண்ட நல்ல ஆயர் அவர். தோழியரே, உங்கள் தெருவிலும் ஒரு சினை ஆடு இருக்கக்கூடும். அதை வளர்க்கும் அம்மாவிடமோ ஆயாவிடமோ இந்த ஒரு செய்தியை மட்டுமாவது சொல்லுங்கள்: நஞ்சுக்குக் காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்.