புல் முளைத்த கூரை

எங்கள் ஊரில் கூரையில் புல் முளைத்தால் அது ஆளில்லாத வீடு. 1996இல் இடம்பெயர்வு முடிந்து திரும்பியபோது எங்கள் கிடுகுக் கூரையும் அப்படித்தான் கிடந்தது. பின்னர் நான் நோர்வேக்கு வந்த முதற் கோடையில், ஒஸ்லோவிலுள்ள நாட்டார் அருங்காட்சியகத்தில் பழைய மரவீடுகளைப் பார்த்தேன். கூரை முழுவதும் புல். நெஞ்சு திக்கென்றது. ஆனால் அது அவர்கள் குளிருக்காகத் தாமே வைத்த புல்.

பலகைக் கூரையின் மேல் பேர்ச் மரத்தின் பட்டையை ஓடு போடுவதுபோல் பல அடுக்காகப் பரப்புவார்கள். மழைநீரைத் தடுப்பது இந்தப் பட்டைதான், புல் அல்ல. அதன்மேல் வேரோடு வெட்டிய புற்கட்டிகள் இரண்டு அடுக்கு. கீழடுக்கின் புல் கீழே பார்க்கும், மேலடுக்கின் புல் மேலே பார்க்கும். நாளடைவில் வேர்கள் இரண்டையும் பின்னிவிடும். 15 சென்ரிமீற்றர் அளவு தடிப்பான இந்த மண் வீட்டின் சூட்டை வெளியே விடாது. பாரம் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 250 கிலோ. பனி கொட்டினால் 400, 500 கிலோவும் ஆகும். அந்தப் பாரமும் வீண்போவதில்லை. சுவர் மரங்களை அழுத்தி, குளிர்காற்று புகும் இடுக்குகளை அடைத்துவிடும்.

பேர்ச் பட்டை வெயில் பட்டால் சுருளும். ஆகவே பரப்பிய அன்றே மூடவேண்டும். ஒரு குடும்பத்தால் முடியாத வேலை. அயலவர் எல்லோரும் கூலியின்றி வருவார்கள், வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார். இதற்கு 'டுக்னாட்' என்று பெயர். எங்கள் அப்பா இறந்த வருடம் அயலிலிருந்த பெண்கள்தான் எங்கள் வீட்டுக்குக் கிடுகு கட்டித் தந்தார்கள். பெண்கள் கூரையில் ஏறுவதோ என்று சிலர் முணுமுணுத்ததும் நினைவிருக்கிறது.

இப்போது மலைக் குடில்களில் பட்டைக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் விரிப்புப் போடுகிறார்கள். நகரத்துக் கட்டடங்களில் பாரம் குறைந்த சிறு செடிகளை வளர்க்கிறார்கள். அவை மழைநீரையும் ஓரளவு பிடித்து வைக்கும்.

2011இல் வன்னியில் மீளக்குடியேறிய என் தங்கையிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். "அக்கா, எங்கட தகரத்துக்கு மேலயும் புல்லு வைப்பமோ? வெக்கையில இருக்கேலாமல் கிடக்கு" என்றாள்.

கணக்குப் பார்த்தேன். இருபது சதுர மீற்றர் கூரைக்கே ஐயாயிரம் கிலோ. தகரத்தைத் தாங்கும் தடிகள் முறிந்து பிள்ளைகளின் மேல் விழும். வேண்டவே வேண்டாம், தகரத்தின் மேல் கிடுகைப் பரப்பிக் கட்டு என்றேன்.

"கிடுகுக்கு ஓலை வேணுமே. எங்கட தென்னை ஒண்டும் மிஞ்சேல்லை."

அடுத்த கிழமை அவளே எடுத்தாள். பக்கத்து வளவு அக்கா ஓலை தந்தாவாம். நாலு பெண்களாக இருந்து பின்னுகிறார்களாம்.