பேதி மாத்திரை வாங்குமுன் ஒரு கேள்வி

திருநெல்வேலியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "மோஷன் சரியாப் போகல, பேதிக்கு ஒரு மாத்திரை குடுங்கம்மா" என்று வருகிற பெரியவர்களிடம், "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க ஐயா?" என்றுதான் முதலில் கேட்பேன். காரணம் இருக்கிறது.

மலச்சிக்கலுக்கு அதிகம் விற்பது பிசகோடில் 5 மில்லிகிராம் மாத்திரை. குடல் தசையைச் சுருங்கவைத்து மலத்தைத் தள்ளும். இரவில் போட்டால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் வேலை செய்யும். அடிவயிற்றில் முறுக்கு, குமட்டல், தண்ணீராகப் போவது எல்லாம் இதனால் வரக்கூடியவை. பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இந்த மாத்திரையின் மேல்பூச்சு குடலுக்குப் போன பிறகே கரைய வேண்டும். பொடித்தாலோ, பாலோடு விழுங்கினாலோ இரைப்பையிலேயே கரைந்து எரிச்சல் தரும். இரவுப் பாலுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அல்சருக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்துக்கும் இதே கணக்குதான்.

எனக்குக் கவலை முதியவர்களைப் பற்றித்தான். பேதியாகும்போது தண்ணீரோடு பொட்டாசியமும் வெளியேறுகிறது. கால்வீக்கத்துக்கும் இதயக் கோளாறுக்கும் கொடுக்கும் ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு தளர்ந்து, தலைசுற்றி, இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். இதயத்துக்கான டிகாக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நிலாவாரைப் பொடி நாட்டு மருந்துதானே என்று பலர் தினமும் குடிக்கிறார்கள். எங்கள் மண்ணில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியே உலகமெங்கும் போன இலை அது. மருந்து நூல்களில் 'திருநெல்வேலி சென்னா' என்றே பெயர் பெற்றது. அதுவும் குடலைத் தூண்டுகிற மருந்துதான். சிறுநீர் நிறம் மாறினால் பயப்பட வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் குடித்தால் பெருங்குடலின் உட்சுவர் கருத்துப்போகும். நிறுத்தினால் மெல்லத் தெளியும். அளவு மீறினால் பொட்டாசியம் இதிலும் இறங்கும்.

கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிற்று உப்புசம், காற்றுகூடப் பிரியாத நிலை இருந்தால் பேதி மருந்தைத் தொடவே கூடாது. குடல் அடைப்பாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டாலும் டாக்டரைப் பாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளை டாக்டரிடம் சொல்லும்போது, கூச்சப்பட்டுக்கொண்டு பேதி மாத்திரையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். இதயத்துக்கு அவர் எழுதித் தரும் மருந்து அதை வைத்து மாறக்கூடும்.