சாக்ஸபோனுக்கும் சீவாளி உண்டு

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊர்களில் முகூர்த்தத்துக்கு நாகஸ்வரம் மட்டும்தான் என்றிருந்த காலம் போய்விட்டது. தவிலுக்குப் பக்கத்தில் சாக்ஸபோன் உட்கார்ந்தாலும் இப்போது யாரும் புருவம் உயர்த்துவதில்லை. பளபளக்கும் பித்தளை உடம்பையும் வரிசையாக இருக்கும் சாவிகளையும்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். சத்தம் பிறக்கும் இடம் வேறு. வாசிப்பவரின் உதட்டுக்குள் பாதி மறைந்திருக்கும் ரீடு என்ற சின்ன நாணல் துண்டு அது. உடம்பு பித்தளைதான் என்றாலும் சாக்ஸபோனைக் கிளாரினெட்டின் இனத்தில் சேர்ப்பதற்கு இந்த ரீடுதான் காரணம்.

பெல்ஜியத்துக்காரரான அடால்ப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் இந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதைக் கர்நாடக சங்கீத மேடைக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் கத்ரி கோபால்நாத். தமிழ் சினிமா ரசிகர்களுக்கு 1994இல் வந்த ‘டூயட்’ படத்தின் சாக்ஸபோன் இசையால் அவர் பழக்கமானவர். அவருடைய அப்பா நாகஸ்வர வித்வான். அந்தக் குடும்பப் பின்னணி தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நாணலோடு பழகிய வீட்டில் ரீடு அந்நியப் பொருளாக இருந்திருக்காது.

நாகஸ்வரத்தில் அதன் பெயர் சீவாளி. நாணல் வகையான கொறுக்கையின் தட்டையைப் பதப்படுத்தி, தட்டையாக்கி, இரண்டு உதடுகள் போலச் செய்து நூலால் கட்டுவார்கள். இதற்குப் பேர்போன ஊர் திருவாவடுதுறை. சீவாளி உலோகக் கெண்டையில் ஏறும்; கெண்டை குழலில் ஏறும். நாகஸ்வரத்தின் தலைப்பில் நூலில் தொங்கும் கொத்தைக் கவனித்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை. மாற்றுச் சீவாளிகளும் ஓர் ஊசியும் அதில் இருக்கும். அந்த ஊசியை ஒரு காலத்தில் தந்தத்தில் செய்தார்கள். எச்சில் அடைத்தால் அதை நீக்கவும், வாய் மூடிக்கொண்டால் திறந்துவிடவும் அது உதவும். காஞ்சி வரதராஜப் பெருமாள் கருடசேவைக்கு வைகாசி வெயிலில் வீதியோடு நடந்து வாசிப்பவர் ஒரே சீவாளியை நம்பினால் கதை முடிந்தது.

சாக்ஸபோன் ரீடுக்கு இரண்டு உதடு இல்லை, ஒன்றுதான். மவுத்பீஸின் தட்டையான பக்கத்தில் அதை வைத்து லிகேச்சர் என்ற பட்டையால் இறுக்குவார்கள். ஊதும்போது அதன் நுனி மவுத்பீஸ் வாயை மூடுவதும் திறப்பதுமாக அதிரும். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் என்றால் நொடிக்கு 440 தடவை. நுனியின் கனம் ஏறக்குறைய மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். இத்தனை வேலை செய்யும் பொருள் இவ்வளவு மெல்லியதாக இருந்தால் அது சீக்கிரம் தேயாமல் என்ன செய்யும்?

கடையில் பெட்டியின் மேல் 2, 2½, 3 என்று எண் இருக்கும். பலர் அதைத் தரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது விறைப்பின் அளவு மட்டுமே. ஒரே வகை ரீடுகள் ஒரே அளவில்தான் சீவப்படுகின்றன. எது எவ்வளவு வளைகிறது என்று பார்த்து எண் கொடுக்கிறார்கள். ஒரு கம்பெனியின் 2½ இன்னொன்றின் 3 போல இருக்கக்கூடும். கற்றுக்கொள்பவர் 2 அல்லது 2½இல் தொடங்கினால் போதும். மவுத்பீஸின் வாய் அகலமாக இருந்தால் கொஞ்சம் மெதுவான ரீடு, குறுகலாக இருந்தால் விறைப்பானது. நம் சங்கீதத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கமகத்துக்கு உதட்டால் ஸ்வரத்தை அசைக்க வேண்டும். மெதுவான ரீடு அதற்கு இணங்கும். ரீடு ரொம்ப மெதுவாக இருந்தால் மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கிவிடும். கமகத்துக்கும் சுருதிக்கும் நடுவில் அவரவர் உதட்டுக்கு ஏற்ற இடத்தை வாசித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ரீடு அருண்டோ டோனக்ஸ் என்ற நாணலில் செய்யப்படுகிறது. தெற்கு பிரான்ஸின் வார் பகுதி நாணலுக்குத் தனி மவுசு. செடியில் விளைந்ததாகையால் ஒரே பெட்டியில் வரும் பத்தும் ஒன்றுபோல இருக்காது. ஒன்று முதல் நாளே பாடும். ஒன்று என்ன செய்தாலும் ஊமை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: நடுவில் அடர்ந்தும், இரு ஓரமும் நுனியும் சமமாக வெளுத்தும் தெரிந்தால் நல்ல அறிகுறி. அதுவும் அறிகுறி மட்டுமே. கடைசித் தீர்ப்பு நனைத்து ஊதிய பிறகுதான்.

புது ரீடை முதல் நாளே கச்சேரிக்குக் கொண்டுபோவது வம்பு. தினமும் சில நிமிஷம் ஊதிப் பழக்கி, நாலைந்தைத் தயார் செய்து மாற்றி மாற்றி வாசித்தால் எல்லாமே நீண்ட நாள் வரும். மாட்டும்போது ரீடின் நுனி மவுத்பீஸ் நுனியோடு சமமாக நிற்க வேண்டும். லிகேச்சரின் திருகைப் பலம் கொண்ட மட்டும் முடுக்கக் கூடாது. ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. மவுத்பீஸின் அடி ஓட்டையை உள்ளங்கையால் அடைத்து நுனி வழியே காற்றை உறிஞ்சுங்கள். ரீடு ஒரு கணம் ஒட்டி நின்று ‘டப்’ என்று விடுபட்டால் சரி. உடனே விட்டால் காற்று கசிகிறது. ரீடை எடுத்துத் திரும்பப் பொருத்திப் பாருங்கள். அப்படியும் கசிந்தால் அடிப்பக்கம் கோணியிருக்கலாம். கண்ணாடிமேல் நைஸான உப்புத்தாளை வைத்து அடிப்பக்கத்தை லேசாகத் தேய்த்தால் சில சமயம் தேறும். நுனி நெளிந்திருந்தால் தண்ணீரில் சற்று ஊறவைத்தாலே போதும்.

நுனி விண்டு போனதை அன்றே தூக்கிப் போட்டுவிடலாம். கஷ்டம், மெதுவாகச் சாகும் ரீடோடுதான். எச்சில் ஊறி நார் தளர்ந்து, நுனி கறுத்து, ஒலி சப்பென்று ஆகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால் வாசிப்பவர் காது அதற்கே பழகி, குறையை மவுத்பீஸ்மேலோ சாவிமேலோ போடும். சந்தேகம் வந்தால் ஒரு புது ரீடை மாட்டி ஒப்பிடுங்கள். வித்தியாசம் உடனே கேட்கும். வாசித்து முடித்ததும் கழற்றித் துடைத்துத் தட்டையான டப்பாவில் வைப்பது அதன் ஆயுளைக் கூட்டும். மவுத்பீஸிலேயே விட்டுவிட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

பிளாஸ்டிக் வகை ரீடுகளும் வந்துவிட்டன. நனைக்க வேண்டாம், வெயிலில் காயாது, மாதக்கணக்கில் உழைக்கும், விலை கூடுதல். மாப்பிள்ளை அழைப்பில் தெருவில் நின்று வாசிப்பவர் ஒன்றைப் பையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். நிதானமாக ஓர் ஆலாபனை என்றால் நான் நாணலைத்தான் மாட்டச் சொல்வேன்.