மேட்டில் நின்றுபோகும் பேட்டரி வண்டி

கீரனூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், மொத்தக் கடையில் சரக்கெடுத்து வரப் பேட்டரி லோடு வண்டி வாங்கினார். காலியாகப் போனால் குதிரைபோல் ஓடிய வண்டி, ஆறு மூட்டை சர்க்கரை ஏற்றிச் சின்ன மேட்டில் ஏறினால் விளக்கு மங்கி நின்றுவிடும். ஐந்து நிமிடம் விட்டுச் சாவியைத் திருப்பினால் மறுபடி ஓடும். பார்க்க வந்தவர் மீட்டரை வைத்தார். ஒவ்வொரு பேட்டரியும் 12.7 வோல்ட் காட்டியது. "வோல்ட் இருக்கிறது, ஆனால் பேட்டரியில் உயிர் இல்லை" என்று சொல்லி நான்கையும் மாற்றச் சொன்னார். நண்பரும் ஐந்து இலக்கத் தொகை கொடுத்து மாற்றினார். புதுப் பேட்டரியிலும் அதே மேட்டில் வண்டி நின்றது.

கோளாறு கடைசியில் அகப்பட்ட இடம், மெயின் சுவிட்சுக்குப் போகும் கம்பியின் முனையிலிருந்த ஒரு லக். தளர்ந்து, பச்சை பூத்து, தொட்டால் கை சுடும் நிலையில் இருந்தது.

வெறும் தராசுத் தட்டைப் பார்த்துச் சரக்கின் எடையைச் சொல்ல முடியாது. பேட்டரியும் அப்படித்தான். சுமையில்லாமல் வைத்துப் பார்க்கும் வோல்ட், சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். ஓய்வில் 12.7 என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. மோட்டார் இழுக்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

இவ்வகை வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் பேட்டரிகள் நான்கு வரிசையாக இணைந்து 48 வோல்ட் தருகின்றன. கன்ட்ரோலருக்கு வரும் மின்னழுத்தம் சுமார் 42 வோல்டுக்குக் கீழே போனால், பேட்டரியைக் காப்பாற்ற அது மோட்டாரை நிறுத்திவிடும். மேட்டில் வண்டி 50 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேட்டரிகளும் சேர்ந்து 44.8 வோல்ட் கொடுத்தாலும், கெட்ட லக்கில் 3 வோல்ட் போய்விட்டால் கன்ட்ரோலர் பார்ப்பது 41.8தான். அந்த 3 வோல்ட் 150 வாட் சூடாக லக்கிலேயே எரிகிறது. காலி வண்டி குறைந்த ஆம்பியரே இழுப்பதால் நோய் தெரியாது.

வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் வீட்டு வண்டிகளை, நிறுத்துமிடத்தில் நகர்த்தச் சக்கரத்தோரம் சிறு மோட்டார்கள் பொருத்துகிறார்கள். அது 12 வோல்டில் ஓடுவதால் மேட்டில் 100 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். அங்கும் இதே புகார்தான். வண்டி மாறினாலும் நோய் ஒன்று.

ஆகவே சோதனையைச் சுமையோடுதான் செய்ய வேண்டும். மீட்டர் கம்பிகளைக் கிளிப்பால் மாட்டி, மீட்டரை ஓட்டுபவர் அருகே கட்டிக்கொண்டு, சரக்கோடு மேட்டில் ஏறுங்கள். முதலில் பேட்டரி வரிசையின் இரு முனைகளில் ஒரு முறை, பிறகு கன்ட்ரோலர் வாயிலில் ஒரு முறை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு வோல்டுக்கு மேல் என்றால் கம்பி, லக், சுவிட்ச், ஃபியூஸ் இவற்றில்தான் திருடன் இருக்கிறான். வித்தியாசம் இல்லாமல் பேட்டரி முனையிலேயே விழுகிறது என்றால், நான்கையும் தனித்தனியே அதே மேட்டில் பாருங்கள். மூன்று 11.5இல் நிற்க ஒன்று மட்டும் 9க்கு இறங்கினால், அந்த ஒன்று மற்ற மூன்றையும் சேர்த்துக் கெடுக்கிறது.

லக்கைச் சுத்தம் செய்யும் மருந்து நம் கடையிலேயே இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்து, கைமோதிரத்தைக் கழற்றி வைத்து, ஸ்பேனர் கைப்பிடியில் டேப் சுற்றிக்கொண்டு நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பிரஷ்ஷால் தேயுங்கள். கரைசல் பேட்டரிக்குள் ஒரு துளியும் விழக்கூடாது. காய்ந்தபின் இறுக்கி, மேலே வேஸ்லின் தடவினால் போதும். லக்குக்குள் கம்பி இழைகள் கருத்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, வெட்டிவிட்டுப் புது லக் அடிக்க வேண்டும்.

இவ்வளவும் நீர் ஊற்றும் ஈய பேட்டரிக்கு. லித்தியம் பேட்டரியின் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். வெளிக் கம்பிகளைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வண்டியின் மேல் முழுப் பழியையும் போடவும் முடியாது. 2014இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிப்படி இ-கார்ட் எனும் சிறு வண்டிக்குச் சுமை 310 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை ஆறு ஏற்றினாலே 300 ஆகிவிடுகிறது. ஏழாவது மூட்டையைப் போடாத கடைக்காரர் நம்மில் எத்தனை பேர்? டயரில் காற்று குறைந்தாலும், பிரேக் உரசினாலும் அதே கதைதான், ஆம்பியர் ஏறும்.

இன்னொன்று. இரவு சார்ஜ் போடுவதைப் பலரும் குடோனுக்குள் சாக்குகளுக்கு நடுவில் செய்கிறார்கள். சார்ஜ் ஏறும் ஈய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியாகும். ஒரு பீடி நெருப்பு போதும். காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடுங்கள். டிஸ்டில்ட் வாட்டரைச் சார்ஜ் முடிந்தபின் ஊற்றுங்கள். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்னதாகவே ஊற்றலாம்.

நண்பரின் பழைய பேட்டரிகள் நான்கும் அதற்குள் எடைக்குப் போய்விட்டன. புது லக் சில்லறைக் காசில் முடிந்தது.