நத்தையின் விஷமும் நோயாளியின் வலியும்



நம் டிரஸ்டின் மருத்துவ உதவிக்கு வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும்போது ஒன்றைக் கவனித்து வருகிறோம். ஆபரேஷன் செலவு, ஸ்கேன் செலவு, போக்குவரத்து எல்லாவற்றையும் கணக்குப் போட்டுச் சொல்பவர்கள், நோயாளி இரவெல்லாம் வலியில் துடிப்பதைக் கடைசியாகத்தான் சொல்வார்கள். வலி என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற எண்ணம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. இந்த நிலையில்தான், "கடல் நத்தை விஷத்தில் கேன்சருக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று வாட்ஸப்பில் சுற்றிய ஒரு செய்தியைக் காட்டி, இது நிஜமா என்று மஹல்லாவில் சிலர் கேட்டார்கள். பாதி நிஜம். நத்தை விஷத்திலிருந்து மருந்து வந்திருக்கிறது. ஆனால் அது கேன்சரைக் குணமாக்கும் மருந்து கிடையாது, கடுமையான வலியை அடக்கும் மருந்து. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கூம்பு நத்தை என்று ஒரு கடல்வாழ் இனம் உண்டு. ஐஸ்கிரீம் கோன் போன்ற வடிவத்தில், பூ வேலைப்பாடு செய்ததுபோல ஓடு இருக்கும். விலை கொடுத்து வாங்கி ஷோகேஸில் வைக்கும் அழகு. உலகக் கடல்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. நத்தை நகர்வதோ ஊர்ந்து ஊர்ந்து. ஆனால் சில வகைகளுக்கு இரை மீன்! ஊர்ந்து போகிற பிராணி நீந்துகிற மீனை எப்படிப் பிடிக்கும்? அதன் பல் ஒன்று உள்ளே துளையுள்ள ஈட்டியாக மாறியிருக்கிறது, நம் டாக்டர் போடும் ஊசியைப்போல. மூக்குப்போல நீளும் குழாயின் நுனியில் அதை வைத்து, மீன் பக்கத்தில் வந்ததும் குத்தி விஷத்தை ஏற்றிவிடும். மீன் ஓரிரண்டு வினாடிகளில் விறைத்துப் போகும். ஓடித் துரத்த முடியாத நத்தைக்கு, மெதுவாக வேலை செய்கிற விஷம் இருந்தால் பயனில்லை. மீன் நீந்திப் போய் எங்கோ செத்து, வேறொன்றுக்கு உணவாகிவிடும்.

இவற்றில் கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற வகை மனிதரையும் கொல்லக்கூடியது. அழகான ஓடு கிடைத்ததே என்று கையில் எடுத்தவர்கள், பைக்குள் போட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். குத்திய இடத்தில் சிலருக்குப் பெரிய வலிகூட இருப்பதில்லை. அதன்பின் மரத்துப்போதல், கண் இமை தொங்குதல், பேச்சுக் குழறல், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோதல். இதற்கு முறிவு மருந்து இன்றுவரை இல்லை. செயற்கைச் சுவாசம் கொடுத்து, விஷம் இறங்கும்வரை உயிரைப் பிடித்து வைப்பதே சிகிச்சை.

இந்த நத்தையைத் தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்தவர் பால்டமேரோ ஒலிவெரா. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் 1941-இல் பிறந்தவர். வேதியியல் படித்தார், அமெரிக்கா போய் டாக்டர் பட்டம் பெற்றார். மரபணு இழைகளை ஒட்டவைக்கும் ஒரு நொதியைக் கண்டறிந்தவர்களில் ஒருவராகப் பெயரும் எடுத்தார். பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பினார். அங்கே அவர் செய்துவந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிகள் இல்லை. நம் பிள்ளைகள் பலர் சொல்கிற காரணமும் இதுதானே, "எங்கள் காலேஜில் லேப் சரியில்லை" என்று. ஒலிவெரா யோசித்தார்: விலையுயர்ந்த கருவி இல்லாமல், நம் நாட்டில் தாராளமாகக் கிடைக்கிற எதை ஆராயலாம்? சிறு வயதில் அவர் கடல் ஓடுகளைச் சேகரித்தவர். மனிதனைக் கொல்லும் நத்தை ஞாபகம் வந்தது. அங்குள்ள மீனவர்களிடம் நத்தைகளை வாங்கி, லூர்டெஸ் க்ரூஸ் என்ற பெண் விஞ்ஞானியோடு சேர்ந்து விஷத்தைப் பிரிக்கத் தொடங்கினார்.

முதலில் அவர்கள் எதிர்பார்த்தது, பாம்பு விஷத்தைப்போலத் தசையை முடக்கும் ஒரு பொருள். அதுவே கிடைத்தது. பெரிய புதுமை இல்லை என்று ஒதுக்கிவிட்டிருக்கலாம். பின்னர் ஒலிவெரா அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கிரெய்க் கிளார்க் என்ற இளங்கலை மாணவர் ஒரு யோசனை சொன்னார்: விஷத்தின் ஒவ்வொரு கூறையும் தனித்தனியாகப் பிரித்து, எலியின் வயிற்றில் போடாமல் மூளையில் ஊசி போட்டுப் பார்த்தால் என்ன? செய்து பார்த்தார்கள். ஒரு கூறு கொடுத்த எலி தூங்கிவிட்டது. இன்னொன்றில் சுற்றிச் சுற்றி ஓடியது. வேறொன்றில் உடல் நடுங்கியது. ஒரு நத்தையின் விஷம் என்பது நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனிப் பொருள்களின் கலவை என்பதும், அவை நரம்பு மண்டலத்தின் வெவ்வேறு கதவுகளைத் தேடிப்போய்ப் பூட்டுகின்றன என்பதும் அப்படித்தான் தெரியவந்தது.

அந்த நடுக்கம் தந்த கூறை கோனஸ் மேகஸ் என்ற நத்தையிலிருந்து பிரித்தெடுத்தவர் மைக்கேல் மெக்கின்டோஷ். அப்போது அவர் பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரிக்குள் நுழைகிற வயதுப் பையன். இன்று மனநல மருத்துவராகவும் பேராசிரியராகவும் இருக்கிறார். நம் ஸ்காலர்ஷிப் வாங்கும் பிளஸ் டூ மாணவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம்.

அந்தப் பொருள் எப்படி வலியை நிறுத்துகிறது? காலில் முள் குத்தினால் செய்தி நரம்பு வழியே முதுகுத்தண்டுக்கு வருகிறது. அங்கே ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தியைக் கைமாற்ற வேண்டும். கைமாற்றும் இடத்தில் கால்சியம் உள்ளே நுழைய ஒரு வாசல் திறக்கும், திறந்தால்தான் செய்தி போகும். நத்தையின் விஷக்கூறு அந்த வாசலை அடைக்கிறது. முள் குத்தியது குத்தியதுதான், தகவல் மட்டும் மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. வெறும் 25 அமினோ அமிலங்களால் ஆன இந்தச் சிறு புரதத்தை மருந்தாக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. 2004 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. மருந்தின் பெயர் ஜைகோனோடைட், கடைப் பெயர் ப்ரியால்ட். மார்ஃபினைப்போல நாளாக நாளாக அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிய தேவையும், அடிமையாகும் பயமும் இதில் இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறோம். இதை மாத்திரையாக விழுங்க முடியாது, வயிறு ஜீரணித்துவிடும். இரத்தத்தில் ஏற்றினால் பிரஷர் இறங்கும். முதுகுத்தண்டு நீருக்குள் ஒரு சிறு குழாய் வைத்து, பம்ப் மூலம் சொட்டுச் சொட்டாகச் செலுத்த வேண்டும். தலைசுற்றல், குழப்பம், இல்லாததைக் காண்பது போன்ற பக்க விளைவுகள் வரும். மனநோய் இருந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. வேறு எந்த வழியும் பலிக்காத நோயாளிக்கு, அதற்கென்று பயிற்சி பெற்ற டாக்டர்கள் கொடுப்பது இது. நம்மூர் மெடிக்கலில் கேட்டு வாங்கும் பொருளில்லை. யாராவது "நத்தை மருந்து" என்று பொடியோ தைலமோ விற்றால், வாங்க வேண்டாம்.

விஷ ஜந்துவிலிருந்து வந்த மருந்து ஆகுமா என்றும் ஒரு சகோதரி கேட்டிருந்தார். தீர்ப்பு சொல்வது ஆலிம்களின் வேலை. அவர்களிடம் கேட்கப் போகும்போது இந்தத் தகவலையும் சொல்லுங்கள்: மருந்தில் இருப்பது நத்தையிலிருந்து எடுத்த விஷம் இல்லை. அதன் அமைப்பைப் பார்த்து ஆய்வகத்தில் வேதிமுறையில் புதிதாகச் செய்யப்படுவது.

சர்க்கரை நோயாளி இல்லாத வீடு நம் மஹல்லாவில் அபூர்வம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோனஸ் ஜியோகிராஃபஸ் மீன் பிடிக்கும்போது தண்ணீரில் இன்சுலினைக் கலந்து விடுகிறது என்று 2015-இல் ஒலிவெராவின் குழுவினர் கண்டார்கள். மீனுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி, மயங்கி நிற்கும். நத்தை வாயை வலைபோல விரித்து விழுங்கிவிடும். லோ ஷுகர் வந்து தள்ளாடியவர்களுக்கு அந்த மீனின் நிலை புரியும். நம் உடலின் இன்சுலின் ஆறாறாகச் சேர்ந்து கட்டியாக இருக்கும், ஊசி போட்டபின் அது பிரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நத்தையினுடையது அப்படிச் சேருவதில்லை, உடனே வேலை செய்கிறது. அதைப் பார்த்து வேகமான இன்சுலின் செய்ய முயற்சி நடக்கிறது. இன்னும் ஆய்வுதான், ஆகவே யாரும் இப்போது போடும் ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

கூம்பு நத்தைகள் நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. நம் பக்கத்துக் கடலில் கிடைக்கும் கோனஸ் அமாடிஸ் என்ற வகையின் விஷத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் லீவுக்குப் போகும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: கரையில் கிடக்கும் காலி ஓட்டை எடுக்கலாம், உயிருள்ள கூம்பு ஓட்டைத் தொடக் கூடாது, அகலமான பக்கத்தைப் பிடித்தால் குத்தாது என்பதும் சரியில்லை. குத்திவிட்டால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, செயற்கைச் சுவாச வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள்.

இனி நாம் தொடங்கிய விஷயம். நத்தை மருந்து நமக்குக் கிட்டாத தூரத்தில் இருக்கலாம், மார்ஃபின் கிட்டத்தில்தான் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தும், "போதை மாத்திரை, பழகிப்போகும், வாப்பாவுக்கு வேண்டாம்" என்று பிள்ளைகள் எடுத்து ஒளித்து வைத்த வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். கேன்சர் வலிக்கு டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் நேரத்தில் கொடுக்கும்போது அடிமையாவது அரிது. மலச்சிக்கல்தான் பெரும்பாலும் வரும் தொல்லை, அதற்கும் மருந்து சேர்த்துத் தருவார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு இந்த மருந்து கிடைப்பதை எளிதாக்கத்தான் 2014-இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். எப்படிப் போய்க் கேட்பது என்று தயங்குபவர்கள், நோயாளியின் மருத்துவச் சீட்டுகளோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். கூட ஒருவரை அனுப்பி வைக்கிறோம். வரும்போது வலி எந்த நேரத்தில் கூடுகிறது, எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.