அனுமதி மறுக்கப்பட்டது



கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவோர் பலரும் முதல் நாளிலேயே காணும் சொற்றொடர் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பதாகும். கணினி பழுதாகிவிட்டதோ என்று அவர்கள் அஞ்சுவர். உண்மையில் அது பழுதன்று. வாயிற்காவலன் தன் கடமையைச் செய்வதன் அறிகுறியே ஆகும். அக்காவலன் யாரை விடுகிறான், யாரைத் தடுக்கிறான் என்பதை அறிந்தால் இச்சிக்கலை நாமே தீர்த்துக்கொள்ளலாம்.

நம் நகரும் லினக்ஸும்

நாம் வாழும் திருவனந்தபுரத்திற்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ரிச்சர்டு ஸ்டால்மன் 2001ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்நகருக்கு வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டில் கேரள அரசு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டம் 2017இல் ‘கைட்’ என்னும் நிறுவனமாயிற்று. அது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளமே இன்று கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் இயங்குகிறது. பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் அத்தகைய கணினிகளில், ஒருவர் உழைப்பை மற்றவர் அழித்துவிடாமல் காப்பது அனுமதி முறையே ஆகும்.

மூவர், மூன்று உரிமைகள்

1829இல் தோன்றிய நம் மாநில மைய நூலகத்தை எண்ணிப் பாருங்கள். வாசிப்பு அறையில் எவரும் நாளிதழ் படிக்கலாம். நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல உறுப்பினராக வேண்டும். நூற்பட்டியலைத் திருத்தவோ நூலகருக்கு மட்டுமே இயலும். லினக்ஸிலும் இவ்வாறே, ஒவ்வொரு கோப்பும் உரிமையாளர், குழு, பிறர் என மூவகைப்பட்டோரை அறியும். ஒவ்வொருவருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகளைத் தரலாம்; தராமலும் விடலாம்.

இவ்வுரிமைகளை எண்களாலும் குறிப்பர். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. எனவே 644 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் (4+2) செய்யலாம்; குழுவினரும் பிறரும் படிக்க மட்டுமே செய்யலாம். 755 என்றால் உரிமையாளருக்கு மூன்று உரிமைகளும், மற்றவர்களுக்குப் படிக்கவும் இயக்கவும் உரிமையும் உண்டு. கோப்புறையைப் பொறுத்தவரை ‘இயக்குதல்’ என்பது அதனுள் நுழைவதைக் குறிக்கும்.

பெயரன்று, எண்ணே

ஒரு வீட்டுக் கணினியைத் தம்பியும் அக்காவும் பயன்படுத்தி வந்தனர் என்று கொள்வோம். முதலில் கணக்குத் தொடங்கிய தம்பிக்கு 1000 என்ற எண்ணையும், அடுத்துத் தொடங்கிய அக்காவுக்கு 1001 என்ற எண்ணையும் உபுண்டு வழங்கியிருந்தது. பின்னர், பழைய கோப்புகள் இருந்த பகுதியை அழிக்காமல் இயங்குதளத்தை மட்டும் மீண்டும் நிறுவினர். இம்முறை அக்கா முதலில் கணக்குத் தொடங்கினார். அவருக்கு 1000 கிடைத்தது.

விளைவு என்ன? கோப்பு தன் உரிமையாளரின் பெயரை நினைவிற்கொள்வதில்லை, எண்ணையே நினைவிற்கொள்கிறது. ஆகவே தம்பியின் கோப்புகள் யாவும் அக்காவின் உடைமை ஆகிவிட்டன. அக்காவின் கோப்புகளோ அவருக்கே திறக்க மறுத்தன. கணினி பொய் சொல்லவில்லை. அடையாள எண் மாறியதே குழப்பத்தின் வேர்.

தீர்க்கும் முறை

முதலில், ‘எல்எஸ் -எல்என்’ என்னும் கட்டளையால் கோப்பின் உரிமையாளர் எண்ணையும் உரிமைகளையும் காண வேண்டும். காரணம் தெரிந்த பின்பே மாற்றம் செய்ய வேண்டும்.

1. உரிமையாளர் தவறாக இருப்பின், ‘சூடோ’ கட்டளையுடன் ‘சிஎச்ஓன்’ கட்டளையைச் சேர்த்து, அவரவர் கோப்புறையை அவரவர் பெயருக்கு மாற்றுக. பிறர் கோப்புறையையோ கணினியின் அமைப்புக் கோப்புகளையோ தொடற்க.
2. உரிமையாளர் சரியாக இருந்து உரிமை மட்டும் குறைவாக இருப்பின், ‘சிஎச்மோட்’ கட்டளையால் தேவையான உரிமையை மட்டும் சேர்க்க. இணையத்திலிருந்து இறக்கிய, நம்பத்தக்க நிறுவு கோப்பு இயங்க மறுத்தால், பெரும்பாலும் இயக்கும் உரிமை ஒன்றே தேவைப்படும்.
3. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, விண்டோஸ் பகுதியில் எழுத முடியாவிடின், விண்டோஸ் முழுமையாக அணைக்கப்பட்டதா என்று பார்க்க. அதன் ‘விரைவுத் தொடக்கம்’ வசதி அப்பகுதியைப் பாதி திறந்த நிலையில் விட்டுவிடும். அதனால் லினக்ஸ் அதனைப் படிக்க மட்டுமே திறக்கும்.

செய்யத் தகாதது

எல்லாக் கோப்புகளுக்கும் 777 கொடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் கூறுவர். அஃது எல்லாக் கதவுகளையும் எல்லாருக்கும் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். அதனால் விளையும் கேடு மற்றொன்றும் உண்டு. ‘சூடோ’வுக்குரிய விதிகளை வைத்திருக்கும் கோப்பை எவரும் திருத்தலாம் என்ற நிலை வந்தால், ‘சூடோ’ அதனை நம்ப மறுத்து வேலை செய்யாது நின்றுவிடும். பூட்டைத் திறக்கப் போய்ச் சாவியையே இழந்த கதை ஆகிவிடும். பிறகு இயங்குதளத்தை மீண்டும் நிறுவ நேர்தலும் உண்டு.

ஆகவே, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று கணினி கூறும்போது, இக்கோப்பு யாருடையது, எனக்கு எந்த உரிமை தேவை, அதனை யாருக்கு மட்டும் தரலாம் என்னும் மூன்று வினாக்களை எழுப்புக. விடை கிடைத்தபின், வேண்டிய அளவுக்கு மட்டும் கதவைத் திறக்க.

அருஞ்சொற்பொருள்

இயங்குதளம் – கணினியின் உறுப்புகளையும் மென்பொருள்களையும் இயக்கும் அடிப்படை மென்பொருள்
கட்டற்ற மென்பொருள் – எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்
கோப்புறை – கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம்

பயிற்சி

1. 640 என்ற எண் யார் யாருக்கு எந்தெந்த உரிமைகளைத் தருகிறது?
2. மீண்டும் நிறுவியபோது தம்பியே முதலில் கணக்குத் தொடங்கியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? காரணத்துடன் எழுதுக.
3. ‘வேண்டிய அளவுக்கு மட்டும் உரிமை’ என்னும் கருத்து உம் பள்ளியில் வேறு எங்கெல்லாம் பின்பற்றப்படுகிறது? ஐந்து தொடர்களில் எழுதுக.